வாடகை வீட்டு வெந்நீர்

அரூர்ப் பக்கம் கெய்சர் ரிப்பேருக்கு வருகிறவர் டாங்க்கின் அடித்தட்டைக் கழற்றி எலிமென்ட்டை வெளியே இழுக்கும்போது, செம்புக் குழாயை எதிர்பார்த்து நிற்கிற நம் கையில் அவர் கொடுப்பது ஒரு கல். சாம்பல் கலந்த வெண்மை, சொரசொரப்பு, தட்டினால் ஓடு ஓடாகப் பெயரும். "உப்பு படிஞ்சு போச்சுங்க" என்பார். பெரும்பகுதி அது கால்சியம் கார்பனேட். காட்டு மண்ணைத் தோண்டினால் வரும் சுக்கான்கல்லும், பூஜை அறைக்குப் போடும் பளிங்கும் எந்தப் பொருளோ, அதே பொருள். போர்த் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து வந்த பாறை, சூடு பட்ட இடத்தில் மறுபடி பாறையாகிவிட்டது.

வீட்டில் மின்சாரத்தால் சூடேற்றுவது என்றால் லண்டனிலும் டொராண்டோவிலும் வாடகைக்கு இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அறையைச் சூடாக்குவது. ஊட்டியிலும் அப்படித்தான். சித்தேரி மலைக்கும் தீர்த்தமலைக்கும் நடுவில் இருக்கும் அரூரில் அறைக்கு ஹீட்டர் வேண்டியதில்லை. இங்கே தேவைப்படுவது மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைக் குளியலுக்கும், கைக்குழந்தைக்கும், மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கும் வேண்டிய வெந்நீர். சொந்த வீடாக இருந்தால் கொல்லையில் மூன்று கல் கூட்டி அண்டாவை ஏற்றிவிடலாம். வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடம் என்பதால் மாற்றலில் வந்து போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கும் ஊர் இது. மாடி போர்ஷனில் குடியிருக்கும் ஆசிரியருக்கோ செவிலியருக்கோ கொல்லை ஏது, விறகு ஏது? அவர்கள் போவது எலக்ட்ரிக் கடைக்கு.

கடையில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை லிட்டர்?" இரண்டாவது, "எந்தக் கம்பெனி?" இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியவை மூன்று உண்டு என்பது என் கருத்து. உங்கள் வீட்டுக்கு வருவது என்ன தண்ணீர்? சுவருக்குள் ஓடுவது என்ன வயர்? வீட்டைக் காலி செய்யும் நாளில் எதைக் கழற்றிக்கொண்டு போக முடியும்?

கம்பெனியைப் பின்னுக்குத் தள்ளுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1840-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஜூல் என்ற ஆங்கிலேயர், கம்பி வழியே மின்சாரம் ஓடும்போது எவ்வளவு வெப்பம் பிறக்கிறது என்பதை நீரில் மூழ்க வைத்து அளந்தார். மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கம், அதோடு கம்பியின் மின்தடை, இவ்வளவுதான் கணக்கு. ஹீட்டர் கம்பிக்குள் நுழைந்த மின்சாரம் முழுவதும் வெப்பமாகிறது. மிச்சம் மீதி கிடையாது. மோட்டாரில் கொஞ்சம் வீணாகும், பல்பில் கொஞ்சம் வீணாகும், ஏனென்றால் அங்கே நாம் கேட்பது வேறொன்று. ஹீட்டரில் நாம் கேட்பதே வெப்பம். அதனால் பக்கெட்டில் போடும் ஐந்நூறு ரூபாய் ராடும் பதினைந்தாயிரம் ரூபாய் கெய்சரும் மின்சாரத்தை வெப்பமாக்கும் வேலையில் சமம். இதற்கு விலக்கு ஹீட் பம்ப் மட்டுமே. அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, சுற்றியிருக்கும் காற்றிலிருந்து எடுத்துத் தண்ணீருக்குத் தள்ளுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு மூன்று யூனிட் வெப்பம் தரும். ஆனால் அதன் உடம்பும் விலையும் வாடகை போர்ஷனுக்கு அடங்காது.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4.2 கிலோ ஜூல் வேண்டும். இதை எந்தக் கம்பெனியாலும் குறைக்க முடியாது. 15 லிட்டர் டாங்க்கை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 0.61 யூனிட் ஆகும். 2,000 வாட் எலிமென்ட் என்றால் 18 நிமிடம். அந்த 60 டிகிரி நீரைப் பச்சைத் தண்ணீரில் விளாவினால், குளிக்க இதமான 40 டிகிரியில் 35 லிட்டர் கிடைக்கும், இரண்டு பக்கெட். நாலு பேர் இருக்கும் வீட்டில் காலையில் இரண்டு முறை டாங்க்கைச் சூடாக்கினால், இரண்டு மாத பில்லில் 73 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், 500-ஐத் தாண்டிவிட்டால் 100-க்கு அடுத்து வரும் யூனிட்களின் விலையும் ஏறிவிடுகிறது. எல்லைக்கு அருகில் இருக்கும் குடும்பம் இந்த 73-ஐ முன்பே கணக்கில் வைக்க வேண்டும்.

சரி, சுவருக்குள் போகும் வயரில் ஓடுவதும் எலிமென்ட்டில் ஓடுவதும் ஒரே மின்னோட்டம். வயர் ஜில்லென்று இருக்க, எலிமென்ட் மட்டும் ஏன் கொதிக்கிறது? உள்ளே இருப்பது நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பி. அதன் மின்தடை செம்பைப்போல அறுபது மடங்குக்கும் மேல். 1906-ல் அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் இருந்த கம்பிகள் சூடேறினால் காற்றில் துருவேறி உதிர்ந்துவிடும். நிக்ரோம் சூடேறியதும் தன்மேல் குரோமியம் ஆக்சைடால் ஒரு மெல்லிய தோலைப் போர்த்திக்கொள்கிறது. அந்தத் தோல் உள்ளே இருப்பதைக் காக்கிறது. இஸ்திரிப் பெட்டி, டோஸ்டர், மின்அடுப்பு எல்லாம் நமக்கு வாய்த்தது அந்தத் தோலால்தான்.

இனி வருவதுதான் எனக்கு மிகப் பெரிய ஆச்சரியம். அந்த நிக்ரோம் சுருளில் ஓடுவது 230 வோல்ட். அதைச் சுற்றி ஒரு செம்புக் குழாய். அதைச் சுற்றித் தண்ணீர். சுருளின் வெப்பம் முழுவதும் குழாய்க்குப் போக வேண்டும். மின்சாரம் துளிகூடப் போகக் கூடாது. இயற்கையில் இவை இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். உலோகங்களில் மின்சாரத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்களே வெப்பத்தையும் சுமக்கின்றன, அதனால் வெப்பத்தை நன்றாகக் கடத்துவது மின்சாரத்தையும் கடத்திவிடும். இரண்டையும் பிரித்து, ஒன்றை விட்டு மற்றொன்றைத் தடுக்கும் பொருள் வேண்டும். அந்த வேலையைச் செய்வது சுருளுக்கும் குழாய்க்கும் இடையில் இறுக்கி அடைத்த ஒரு வெள்ளைப் பொடி: மக்னீசியம் ஆக்சைடு. அதில் அலையும் எலக்ட்ரான் இல்லை. ஆனால் அணுக்கள் லேசானவை, அவற்றின் பிணைப்பு விறைப்பானது. ஓரணு அதிர்ந்தால் அந்த அதிர்வு பக்கத்து அணுவுக்கு உடனே தாவுகிறது. அதுவே வெப்பம் போகும் பாதை. உருக வேண்டுமானால் 2,800 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும்.

அரூரிலிருந்து சேலம் போனால், ஏற்காட்டு மலையடிவாரத்தை ஒட்டிய வெள்ளைக்கல் சுரங்கங்களைப் பார்க்கலாம். பாறை வெடிப்புகளில் நரம்பு நரம்பாக ஓடும் மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். அதைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு போய் மக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். சேலத்தில் இது பெரும்பாலும் உருக்கு உலைகளின் உள்சுவருக்கான செங்கல்லாகப் போகிறது. உருக்கைத் தாங்கி நிற்கும் அதே பொருள்தான், இன்னும் தூய்மையாக, நம் குளியலறையில் உயிர் காக்கும் திரையாக நிற்கிறது.

கெய்சருக்குள் மக்னீசியத்துக்கு இரண்டாவது வேலையும் உண்டு. எலிமென்ட்டுக்குப் பக்கத்தில் விரல் தடிமனில் ஒரு கம்பி தொங்கும். ஆனோடு ராட் என்பார்கள். இது மக்னீசியம் உலோகமே. இரும்பு டாங்க்கின் உட்பூச்சில் எங்காவது ஊசிமுனை அளவு விரிசல் இருந்தாலும் தண்ணீர் அங்கே துருவைத் தொடங்கும். மக்னீசியம் இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். அதனால் அரிப்பு முழுவதையும் தான் வாங்கிக்கொண்டு கரைந்துபோகிறது, இரும்பு தப்புகிறது. 1824-ல் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகட்டைத் துத்தநாகம், இரும்புத் துண்டுகளை வைத்துக் காத்த அதே உபாயம். தண்ணீரில் உப்பு கூடக் கூட அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ஆனோடும் வேகமாகக் கரையும். உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் ஆண்டுக்கு ஒரு முறை இதைப் பார்க்கச் சொல்லுங்கள். கரைந்து கம்பியாக நிற்கும் ஆனோடை மாற்றச் சில நூறு ரூபாய்தான் ஆகும். மாற்றாமல் விட்டால் டாங்க்கே ஓட்டையாகிவிடும்.

மூன்றாவது மக்னீசியம் வெளியிலிருந்து வருகிறது, போர்த் தண்ணீரில் கரைந்து, கால்சியத்தோடு சேர்ந்து. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிட்ட கரியமில வாயுவை வாங்கி லேசாகப் புளிக்கிறது. அந்தப் புளிப்பு, பாறையிலும் சுக்கான் மண்ணிலும் உள்ள கால்சியத்தை பைகார்பனேட்டாகக் கரைத்துக்கொள்ளும். குளிர்ந்த நீரில் அது பாட்டுக்குக் கிடக்கும். சூடாக்கினால் வாயு வெளியேறிவிடும். கரைத்து வைத்திருந்த துணை போனதும் கால்சியம் கார்பனேட் தங்க முடியாமல் படிகிறது. சர்க்கரையும் சமையலுப்பும் சூட்டில் அதிகம் கரையும், இது குறைவாகக் கரையும். அதனால்தான் தண்ணீரில் எங்கு சூடு அதிகமோ அங்கேயே, எலிமென்ட்டின் தோலின் மேலேயே, கல் கட்டுகிறது.

கல் கட்டினால் கரண்ட் வீணாகும் என்று பலரும் சொல்வார்கள். விறகு அடுப்பிலும் கேஸ் அடுப்பிலும் அது உண்மை, ஏனென்றால் பாத்திரத்துக்குள் போகாத சூடு பக்கவாட்டில் தப்பிவிடும். தண்ணீருக்குள் மூழ்கிய எலிமென்ட்டில் வெப்பம் தப்ப வேறு வழி இல்லை. கல்லைத் தாண்டித் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும். பில் பெரிதாக மாறாது, எலிமென்ட்டின் ஆயுள் குறையும். எலிமென்ட்டின் தோலில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் 8 வாட் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் வெறும் 1 மில்லிமீட்டர் கல் படிந்திருந்தால், அதே வெப்பத்தை வெளியே தள்ள உலோகத்தின் சூடு 40 முதல் 80 டிகிரி வரை கூடுதலாக ஏற வேண்டும். கல் தடிக்கத் தடிக்க அது ஏறிக்கொண்டே போகும். குழாய் விரியும், வெடிக்கும், சுருள் அறும். அரூரில் எலிமென்ட் போவதற்குப் பெரும்பாலும் கம்பெனியைத் திட்டுகிறோம். குற்றவாளி அநேகமாக நம் சின்டெக்ஸ் டாங்க்கில் இருக்கிறது.

அரூர் இருக்கும் தர்மபுரி மாவட்டத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது ஃப்ளூரைடைச் சொல்லாமல் போக முடியாது. பாறையிலிருந்து நிலத்தடி நீருக்கு வரும் இது குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பல்லில் பழுப்புக் கறையும், முற்றினால் எலும்பு முறுக்கமும் வந்த தலைமுறைகள் இங்கே உண்டு. அதற்காகவே ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல், 2013-ல் தொடக்கம். வெந்நீரோடு ஃப்ளூரைடுக்கு என்ன உறவு? சுட வைத்தால் தண்ணீர் சுத்தமாகும் என்ற நம்பிக்கை. கிருமிகள் சாகும், கொஞ்சம் சுண்ணாம்பு படியும். ஃப்ளூரைடு அப்படியே இருக்கும். கொதித்து நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவும் செய்யும். கெய்சர் குழாயில் பிடித்த வெந்நீரைக் காபிக்கோ குழந்தையின் பால்மாவுக்கோ எடுக்கவே கூடாது. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், குளிக்க போர்த் தண்ணீர் என்று பிரித்து வைத்திருக்கும் வீடுகள் செய்வது சரி.

இனித் தேர்வு. ஓராண்டுக்குள் மாற்றல் வரும் என்று தெரிந்த தனிக்கட்டைக்கு ராட் போதும். 1,500 வாட் ராட் ஒரு பக்கெட்டை கால் மணி நேரத்தில் சூடாக்கும். ஆணி அடிக்க வேண்டாம், வீட்டுக்காரரைக் கேட்க வேண்டாம், கல் கட்டினால் எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்தால் நுரைத்துக்கொண்டு உதிரும். ஆனால் வீட்டில் நடமாடும் குழந்தை இருந்தால் நான் ராடைச் சொல்ல மாட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் ராடோடு கூடிய பக்கெட்டில் சூடு பார்க்க விரலை விட்டு உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். சுவிட்சை நிறுத்தினால் போதாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ராடை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இன்ஸ்டன்ட் கெய்சர் சிறியது, கழற்றுவது எளிது. 3,000 வாட் என்று எழுதியிருக்கும். மொட்டைமாடித் தொட்டியில் இரவெல்லாம் குளிர்ந்து 20 டிகிரியில் வரும் மார்கழித் தண்ணீரை 40-க்கு ஏற்ற, அதன் வழியே நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் சொச்சம்தான் விட முடியும். ஷவர் ஆசை வேண்டாம். குழாயை மெல்லத் திறந்து பக்கெட்டை நிரப்புகிறவர்களுக்கு அது தோது.

குடும்பத்துக்கு 15 லிட்டர் ஸ்டோரேஜ் கெய்சரே என் பரிந்துரை. "8 பார் பிரஷர் தாங்கும்" என்ற விளம்பரத்துக்குத் தனிப் பணம் கொடுக்க வேண்டாம். 8 பார் என்பது 80 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்; சென்னையின் அடுக்குமாடிகளுக்கு அது தேவை. அரூர் மாடி வீட்டில் தொட்டி தலைக்கு மேல் சில மீட்டரில் இருக்கிறது. நட்சத்திரக் குறிக்கும் அர்த்தம் புரிந்து பணம் கொடுக்க வேண்டும். அது சூடான டாங்க்கை ஒரு நாள் முழுக்க வைத்திருந்தால் எவ்வளவு வெப்பம் கசியும் என்பதன் அளவு. இருபது நிமிடம் போட்டு, குளித்து, நிறுத்திவிடுகிற வீட்டில் அந்த வித்தியாசம் அற்பம். நாள் முழுக்க ஓடவிடும் வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் லாபம்.

தெர்மோஸ்டாட் எத்தனையில்? 75-ல் வைத்தால் கல் வேகமாகக் கட்டும். 45-ல் வைத்தால் வெதுவெதுப்பான டாங்க்கில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளர வாய்ப்புண்டு. 1976-ல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டில் நுரையீரல் காய்ச்சலாகப் பரவிய பிறகு அடையாளம் காணப்பட்டது அது. 60 டிகிரியில் விரைவில் சாகும். 60-ல் வைத்துப் பச்சைத் தண்ணீரில் விளாவிக்கொள்வது இரண்டுக்கும் நடுவழி.

பொருத்துவதில் உயிர் இருப்பது வயரில். 3,000 வாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். பழைய வீட்டில் லைட்டுக்குப் போட்ட 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில், போக வர 20 மீட்டர் நீளத்துக்கு அதை இழுத்தால் சுவருக்குள் 58 வாட் வெப்பம் பிறக்கும், 2.5 ஸ்கொயர் வயரில் 23 வாட். அதைவிட மோசம் லூஸ் கனெக்‌ஷன். பிளக் துளையில் 0.3 ஓம் தடை இருந்தால்கூட அந்தக் கடுகளவு இடத்தில் 50 வாட் பிறக்கிறது. ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். கருகிய சாக்கெட்டுக்குக் காரணம் இது. மெயினிலிருந்து தனி லைன், 16 ஆம்ப் பவர் பிளக், தனி எம்.சி.பி., சரியான எர்த். இவற்றில் ஒன்றையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெய்சரைச் செருகவே கூடாது.

எம்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. 16 ஆம்பியரைத் தாண்டினால் விழும் அது வயரைக் காக்கும். மனித இதயத்தைத் தடுமாற வைக்க ஆம்பியரில் நூறில் ஐந்து பங்கு போதும். ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. குறைந்தால், யாரோ ஒருவர் உடம்பின் வழியாகத் தரைக்குப் போகிறது என்று கொண்டு, ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும். மாதக்கணக்கில் போடாத ஹீட்டரைப் போட்டதும் அது விழுந்தால், எலிமென்ட்டின் மக்னீசியம் ஆக்சைடு ஈரம் குடித்திருக்கலாம். அதை பைபாஸ் செய்யச் சொல்லும் எலக்ட்ரீஷியனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இந்தச் செலவு யாருடையது? 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, வயரிங் பராமரிப்பு வீட்டு உரிமையாளர் பொறுப்பு. கெய்சர், சுவிட்ச், சாக்கெட் ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு. புது லைன் இழுப்பது யார் செலவு, சுவரில் போடும் துளை யார் கணக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக்கொள்வது நல்லது. "அண்ணே, லைன் உங்க வீட்டுக்கு நிரந்தரமா இருக்கும், கெய்சர் மட்டும் நான் எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லும் வீட்டுக்காரர் குறைவு.

பொருத்தும்போது கெய்சர், 15 லிட்டர் நீரும் டாங்க்கும் சேர்ந்த எடையைத் தாங்கும் செங்கல் சுவரில், நல்ல ஆங்கர் போல்ட்டில் தொங்க வேண்டும். சேஃப்டி வால்வ் கட்டாயம். 25-லிருந்து 75 டிகிரிக்குப் போனால் 15 லிட்டர் நீர் மூன்றில் ஒரு லிட்டர் அளவுக்கு விரியும். அந்த வால்வ் சொட்டுவது பெரும்பாலும் அதனால், ரிப்பேரால் அல்ல. அதை அடைத்து வைப்பது ஆபத்து.

காலி செய்யும்போது மெயினை நிறுத்தி, இன்லெட் வழியாக டாங்க்கை முழுக்க வடித்து, இரண்டு குழாய் முனையிலும் டம்மி போட்டு, வயர் முனைகளை மூடி வையுங்கள். டாங்க் எப்படியும் கீழே இறங்கிவிட்டது. அடித்தட்டைத் திறந்து கல்லைத் தட்டி எடுத்து, ஆனோடு எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றினால், அடுத்த ஊரில் முதல் நாள் காலையிலேயே வெந்நீர் வரும்.